பழம் மலையில், கலர் கடையில்

"வீட்டில் பழ சோடா போடுவது வேண்டாத வேலை. அது கம்பெனிச் சரக்கு. காசைக் கொடுத்தோமா, வாங்கிக் குடித்தோமா என்று இருப்பதுதான் நல்லது." சேந்தமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இது தவறு என்பது என் கட்சி.

இங்கே வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தால் நடப்பதைப் பாருங்கள். திண்ணையில் கொல்லிமலை அன்னாசி சாக்கோடு கிடக்கிறது. சோளக்காட்டுச் சந்தையிலிருந்து காலையில் இறங்கிய பழம். வாசனை தெருமுனை வரை வருகிறது. வீட்டுக்காரர் பையனைக் கூப்பிட்டு, "ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வா" என்று 50 ரூபாயை நீட்டுகிறார். பையன் கொண்டுவரும் மஞ்சள் புட்டியின் முதுகில் பொடி எழுத்தில், இதில் பழம் கிடையாது என்று அச்சிட்டிருக்கிறது. பழத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழமில்லாத தண்ணீரை மரியாதைக்குக் கொடுக்கிறோம். பல வருடமாக இதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் சித்தப்பா ஒருவர், நான் அன்னாசித் தோலை ஊறப்போட்டதைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, 20 ரூவாய்க்குக் கெடைக்கறதுக்கு எதுக்கு இந்தப் பாடு? பாட்டில் வெடிச்சுக் கண்ணுல பட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். அக்கறையோடு கேட்ட கேள்வி. ஊர் சொல்வதைத் திரட்டினால் இவ்வளவுதான்: எந்திரம் இல்லாமல் சோடா வராது, வந்தாலும் வெடிக்கும், வெடிக்காவிட்டால் சாராயமாகிவிடும், எப்படியும் சர்க்கரைத் தண்ணீர், உடம்புக்கு ஆகாது, மலைப்பழத்துக்கு விலை வேண்டுமென்றால் பெரிய ஆலை வரவேண்டும், அடுப்படி விளையாட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

1. எந்திரம் இல்லாமல் காற்று வராதாம். அப்படியானால் இட்லி மாவு ராத்திரியில் பொங்கி மூடியைத் தள்ளுகிறதே, அதை எந்த எந்திரம் தள்ளுகிறது? மாவுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரைச் சத்தைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. சோடாவின் சுர்ரென்ற காற்றும் அதே கரியமில வாயுதான். மாவில் அது ஓட்டை ஓட்டையாக நிற்கிறது. மூடிய பாட்டிலில் போக வழியில்லாமல் தண்ணீரில் கரைகிறது. வித்தியாசம் அவ்வளவே.

சோடாவின் பிறப்பே இந்த வழியில்தான் நடந்தது என்பதை எதிர்த்தரப்பு கவனிக்க வேண்டும். 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர், பீர் காய்ச்சும் கொட்டகையில் நுரைத்துக்கொண்டிருந்த தொட்டிக்கு மேல் எழும்பிய காற்றைத் தண்ணீரில் பிடித்தார். மனிதன் செய்த முதல் சோடாவின் காற்று, ஈஸ்ட் விட்ட காற்று. ஜெனீவாவில் ஷ்வெப் அதை வியாபாரமாக்கியது 1783இல். சிலிண்டரும் ஆலையும் பின்னால் வந்த வசதிகள். வசதியைப் பொருளின் மூலமென்று நினைத்ததுதான் முதல் பிழை.

இனிச் செய்முறை, இதைச் சொல்லாமல் வாதம் நிற்காது. ஒரு நல்ல அன்னாசியை முதலில் முழுதாகத் தேய்த்துக் கழுவுங்கள், தோலில் மருந்து பட்டிருக்கலாம். பழத்தை நறுக்கிச் சாப்பிட்டுவிடுங்கள். தோல், நடுத்தண்டு இரண்டும் போதும். பழத்தின் எடையில் கொண்டை, தோல், தண்டு என்று ஏறக்குறைய பாதி குப்பைக்குத்தான் போகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீர், 100 கிராம் வெல்லம். எனக்குப் பிலிக்கல்பாளையம் வெல்லம் பிடிக்கும். சந்தை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நாலு மிளகைத் தட்டிப் போடலாம், அதுவும் கொல்லிமலையில் விளைகிறது. சீசாவில் போட்டு வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி வையுங்கள். தோலிலேயே ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது, வெளியிலிருந்து எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாம் நாள் காலையில் துணியை விலக்கினால் மேலே வெள்ளை நுரை. காதை வைத்துக் கேட்டால் அரிசி கழுவும்போது வருமே, அப்படி ஒரு மெல்லிய சலசலப்பு. நுரை வேறு, பூசணம் வேறு. பச்சையாகவோ கறுப்பாகவோ ரோமம் போலப் படர்ந்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நன்றாக இருந்தால் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, பாட்டிலில் மேலே மூன்று விரல் இடம் விட்டு மூடுங்கள். அடுத்து நடப்பது இரண்டாவது வாதத்துக்குள் வருகிறது.

2. "வெடிக்கும்." வெடிக்கும்தான். எனக்கே வெடித்தது. முதல் தடவை, சித்திரை மாதம், கனமான கண்ணாடிப் பாட்டிலாக இருந்தால் நல்லது என்று நினைத்து அதில் ஊற்றி இறுக்கிப் பரணில் வைத்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் சத்தம் கேட்டு ஓடினால் சுவரில் சில்லு குத்தி நிற்கிறது, சோற்றுப் பானையெல்லாம் கண்ணாடித் தூள். அடுப்படியில் அப்போது யாரும் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. ஆகவே இந்த ஆபத்தை நான் குறைத்துப் பேசப்போவதில்லை.

ஆனால் வெடித்ததற்குக் காரணம் வீடா, என் அறியாமையா? கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்று உண்டாகும். கடைச் சோடாவில் ஒரு லிட்டருக்கு 3 முதல் 4 லிட்டர் காற்று கரைந்திருக்கிறது. அதாவது 12 முதல் 16 கிராம் சர்க்கரை போதும். நாம் போட்ட வெல்லமோ லிட்டருக்கு 65 கிராமுக்கு மேல். அத்தனையும் மூடிய பாட்டிலுக்குள் காற்றானால் 16 லிட்டருக்குப் போகும். எந்தப் பாட்டிலும் தாங்காது. ஆகவே செய்ய வேண்டியது, காற்று போதுமான அளவு வந்ததும் ஈஸ்டைத் தூங்க வைப்பது. அதற்குத்தான் ஃபிரிட்ஜ்.

எப்போது போதும் என்று எப்படித் தெரியும்? கடைச் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கவே செய்த பாட்டில் அது. சாதாரணத் தண்ணீர்ப் பாட்டில் வேண்டாம், கண்ணாடி வேண்டவே வேண்டாம், பழைய கோலி சோடாப் புட்டி கிடைத்தாலும் வேண்டாம். ஊற்றிய அன்று விரலால் அமுக்கினால் பாட்டில் அமுங்கும். நம் ஊர் வெயில் காலத்தில் அரை நாளிலேயே கல் மாதிரி ஆகிவிடும். மார்கழியில் இரண்டு நாள் பிடிக்கும். மணியைப் பார்க்காதீர்கள், பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள். புதுச் சோடாப் பாட்டில் அளவுக்கு விறைத்ததும் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாள் முழுக்கக் குளிரவிடுங்கள். இந்தக் கடைசிப் பொறுமைதான் பலருக்கு இல்லை. 30 டிகிரியில் தண்ணீர் ஏற்கும் காற்றைப் போல 5 டிகிரியில் இரண்டு மடங்கு ஏற்கும். குளிராத பாட்டிலைத் திறந்தால் எல்லாம் கூரைக்குப் போய்விடும். குளிர்ந்ததைத் திறந்தால் காற்று டம்ளருக்குள் இருக்கும். நீண்ட நேரம் மின்சாரம் போனால் மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை விட்டு மூடுங்கள். வாரக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு கவனமா?" என்பீர்கள். குக்கருக்கும் இதே கவனம் வேண்டும். குக்கர் வெடித்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு யாரும் சோற்றைக் கடையில் வாங்கித் தின்னத் தொடங்கவில்லை.

3. ஒரு வாதத்தை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டு நுரைக்க வைத்து "வீட்டு சோடா" என்று குடிப்பது கெட்ட பழக்கம். ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2,000 மில்லிகிராம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. நுரை வந்த வேகத்தில் போய்விடும், வாயில் நிற்பது உப்புக்கரிப்பு. வீட்டு சோடாவுக்கு ஊரில் கெட்ட பேர் வந்ததில் பாதி இந்தக் கரைசலால் வந்தது. அதை வைத்து மற்றதையும் ஒதுக்குவது, ஒரு தடவை தோசை கருகியதால் அடுப்பையே இடிப்பது போல.

4. சாராயமாகிவிடும் என்ற பயம். ஈஸ்ட் காற்றை விடும்போது கூடவே கொஞ்சம் ஆல்கஹாலையும் விடுகிறது. இதை மறைத்துப் பேசுபவர்கள் நேர்மையானவர்கள் அல்லர். மேலே சொன்ன முறையில், சொன்ன நாளில் ஃபிரிட்ஜுக்குப் போனால் அது பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டி நிற்கும், 2 சதவீதத்துக்குள் இருக்கும். கள்ளில் அதைப் போலப் பல மடங்கு. வாரக்கணக்கில் வெளியில் மறந்துவிட்டால் அது வேறு பொருள், சோடா என்று அதைச் சொல்லக் கூடாது. குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கும், மதத்தாலோ மனத்தாலோ ஒரு துளியும் வேண்டாம் என்பவர்களுக்கும் இதைக் கொடுக்காதீர்கள். விற்கவும் வேண்டாம்.

அவர்களுக்கு இரண்டாவது வழி இருக்கிறது. இதில் ஈஸ்டுக்கே வேலை இல்லை. பழச்சாறும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, கொதிவரும் வரை சூடாக்கி ஆறவைத்த பாகு. ஊரில் இன்னும் வெறும் சோடா அடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பாகு ஒரு பங்கு, ஜில்லென்ற சோடா மூன்று பங்கு, டம்ளரின் ஓரமாகச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். கொய்யாவுக்கு இந்த வழிதான் சரி; நன்றாக வடிகட்டி, கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டால் பள்ளிக்கூட வாசலில் தின்ற கொய்யாவே திரும்பி வரும். பலாவை நான் மூன்று முறை முயன்றேன், கொழகொழப்பும் மந்தமான இனிப்பும்தான் மிஞ்சியது. பலாவைச் சுளையாகத் தின்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

5. "கோலி சோடா காலத்திலிருந்தே இது கம்பெனிச் சரக்குதானே?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குக் கோலி சோடாவின் கதை தெரியவில்லை. கோலி அடைத்த புட்டி 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது. ஆனால் அதற்குள் போன சரக்கு லண்டனிலிருந்து வரவில்லை. அந்தந்த ஊரில், ஒரு சின்ன அறையில், கையால் சுற்றும் எந்திரத்தில் இரண்டு பேர் நிரப்பினார்கள். பன்னீர் சோடா ஒரு தெருவில் ஒரு மணம், அடுத்த ஊரில் வேறு மணம். 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க்கும் சோடா நிரப்பும் ஊர்த்தொழிலாகத்தான் ஆரம்பித்தது. 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போய், 1993இல் திரும்பி வந்த பிறகுதான் ஒரே ருசி, ஒரே புட்டி என்று நாடு முழுக்க ஆனது. நாம் காலங்காலமான வழக்கம் என்று நினைப்பதற்கு வயது முப்பத்துச் சொச்சம்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அலமாரியில் காலியான இடத்துக்கு என்ன வந்தது? இன்னொரு புட்டி. பேர் தமிழ்ப் பேர் என்பதில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அன்னாசி அப்போதும் திண்ணையில்தான் கிடந்தது.

6. உடம்புக்கு ஆகாது என்பவர்களுக்கு: வீட்டு சோடா மருந்து என்று நான் எங்கும் சொல்லவில்லை. பழச்சாற்றின் சர்க்கரையும் சர்க்கரைதான், சோடாவின் புளிப்பு பல்லுக்கு நல்லதில்லை, சர்க்கரை நோயாளிக்கு வீட்டு சோடா, கடைச் சோடா இரண்டுமே ஆகாது. ஆனால் கேள்வி என்ன? சோடா குடிப்பதா கூடாதா என்பது இல்லை. குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம், கல்யாண வீட்டில் பெட்டி பெட்டியாக இறங்குகிறது. கோலா வகைகளில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு 250 மில்லி புட்டியைக் குடித்தால் 26 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல், இப்படிச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்றது. ஒரே புட்டியில் அந்த நாள் முடிந்தது. என் வீட்டில் அதைவிடக் குறைவாகத்தான் போடுகிறேன், போன வருடத்தைவிட இந்த வருடம் இன்னும் குறைத்திருக்கிறேன். கடைப் புட்டியில் ஒரு கிராமைக் குறைக்க உங்களால் முடியுமா? கரண்டி யார் கையில் இருக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

7. ஆலை வந்தால் மலைக்கு விடியும் என்ற வாதத்தைத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கிறேன். 2014 செப்டம்பரில் தும்கூரில் பேசிய பிரதமரும், குளிர்பானக் கம்பெனிகள் 5 சதவீதமாவது பழச்சாறு சேர்த்தால் விவசாயிக்கு நல்லது என்று கேட்டுக்கொண்டார். நல்ல யோசனைதான். அதன் பிறகும் கடைக்கலரின் முதுகில் பழம் இல்லை என்ற வரி போகவில்லை. வாசனைக்கு எசன்ஸ் போதும் என்றிருக்கும்போது ஆலைக்காரர் அழுகும் பழத்தை எதற்கு வாங்குவார்?

அப்படியே ஒருவர் நல்ல மனதோடு உண்மையான பழ சோடா ஆலை வைத்தாலும் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், காற்று ஏற்றாத பழச்சாறு பானத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே சாற்றில் காற்றை ஏற்றினால் 40 சதவீதம். பழமே இல்லாத கோலாவுக்கும் அதே 40. பழம் போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே தண்டனை. உணவுப் பாதுகாப்புச் சட்டம், காற்றேற்றிய பழபானம் என்று சொல்ல 10 சதவீதம் சாறு, எலுமிச்சையென்றால் 5 சதவீதம் வேண்டும் என்கிறது. பாதிக்குப் பாதி சாறு உள்ள பாகில் ஒரு பங்கும் சோடாவில் மூன்று பங்குமாகக் கலந்த நம் டம்ளரில் 12.5 சதவீதம் சாறு இருக்கிறது. ஆலை எட்டத் தயங்கும் அளவை அடுப்படி தாண்டிவிட்டது, அதற்கு வரியும் இல்லை.

நூறு வீடு சோடா போட்டால் மலையின் விலைவாசி மாறிவிடாது, தெரிந்தேதான் பேசுகிறேன். ஆனால் அழுகப்போகிற பழத்துக்கு எங்கள் தெருவில் ஆள் இருக்கிறது என்றாவது ஆகும். இப்போது காரவள்ளி அடிவாரத்தில் நின்று பாருங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து பழ வண்டி இறங்குகிறது, எதிரே கலர் பெட்டி ஏற்றிய வண்டி ஏறுகிறது. ஆடிப்பெருக்கில் வல்வில் ஓரி விழாவுக்குப் போகும் கூட்டத்துக்கு வழியெங்கும் விற்பது அந்தப் பெட்டிதான். பழம் விளைந்த செம்மேட்டிலேயே அன்னாசி சோடா கிடைக்காது, அன்னாசி வாசனை கிடைக்கும்.

8. கடைசியாக ஒன்று, பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. "தோலை மாட்டுக்குப் போட்டா பாலாவது தரும், நீங்க தண்ணில ஊறவெச்சு வீணாக்கறீங்க." எல்லா வாதத்திலும் என்னைச் சற்று நிறுத்தியது இதுதான். மாடு வைத்திருப்பவர் தீனியைக் கணக்குப் பார்ப்பது நியாயம். அவரிடம் சொன்னேன்: "தோலு எங்கீங்க்கா போகுது, வடிகட்டுனா அப்படியேதான் இருக்குது." மறுநாள் காலையில் வடிகட்டிய தோலைக் கழுவி, தவிட்டோடு கொஞ்சமாகக் கலந்து அவர் மாட்டுக்கே வைத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது. அக்கா ஒரு பாட்டிலை எடுத்துப்போனார், அமுக்கிப் பார்த்துக்கொண்டே.